கிழக்கிலிருந்து வந்த பிள்ளைகள்: பெர்ல் பக்கும் ஹோல்ட் தம்பதியரும்

1955 செப்டம்பரில் அமெரிக்க மகளிர் இதழ் ஒன்றில் பெர்ல் பக் எழுதிய கட்டுரை, அந்நாட்டின் தத்து நிறுவனங்களை நேருக்கு நேர் குற்றம் சாட்டியது. பெற்றோரைத் தேடிக் குழந்தைகள் காத்திருக்கிறார்கள், குழந்தைகளைத் தேடித் தம்பதியர் காத்திருக்கிறார்கள், இரு சாராரையும் சேரவிடாமல் விதிமுறைகள் நடுவில் நிற்கின்றன என்பது அதன் சாரம். அடுத்த மாதமே, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், ஹாரி ஹோல்ட் என்ற விவசாயி கொரியாவிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளோடு விமானத்தில் வந்திறங்கினார். அவர்களில் எட்டுப் பேர் அவருடைய பிள்ளைகளாகவே வந்தார்கள். அவருக்கும் மனைவி பெர்த்தாவுக்கும் பிறந்த பிள்ளைகள் ஏற்கெனவே ஆறு பேர்.

நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் ஒருபுறம். மர அறுவை ஆலையும் பண்ணையும் நடத்திப் பிழைத்த கிராமத்துத் தம்பதியர் மறுபுறம். 1933-இல் பிரஸ்பிட்டேரியன் மிஷன் பணியிலிருந்து விலகிக்கொண்டவர் பக். வேதத்தைத் திறந்து பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதவர்கள் ஹோல்ட் தம்பதியர். விசுவாசத்தைப் பற்றி இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசச் சொன்னால் பத்து நிமிடங்களில் வாக்குவாதம் மூண்டிருக்கும். ஆனால் இருவரும் செய்தது ஒன்று: தங்கள் முகச்சாயல் சிறிதும் இல்லாத குழந்தைகளைத் தங்கள் பிள்ளைகள் என்று உலகறியச் சொன்னார்கள், பிறரையும் சொல்லவைத்தார்கள். எதிரெதிர் நம்பிக்கைகள் எப்படி ஒரே வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தன என்பது இந்த ஒப்பாய்வின் முதல் கேள்வி. அந்த வாசலுக்குள் நுழைந்த பிள்ளை அவர்களுக்கு ஊழியமாக இருந்ததா, பிள்ளையாக இருந்ததா என்பது இரண்டாவது கேள்வி. கிறிஸ்தவப் பெற்றோராகத் தத்தெடுத்த யாருக்கும் இந்த இரண்டாவது கேள்வி அந்நியமானதாக இராது.

அன்றைய அமெரிக்கத் தத்துமுறையின் ஆதார விதி பொருத்தம். பிள்ளையின் இனம், மதம், தோலின் நிறம், முடியின் நிறம் எல்லாம் வளர்ப்புப் பெற்றோரோடு இயன்றவரை ஒத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பெற்ற பிள்ளையாகவே தெரிய வேண்டும். மாசசூசெட்ஸில் கத்தோலிக்கத் தாய்க்குப் பிறந்த பெண் குழந்தையை யூதத் தம்பதியர் வளர்த்ததற்காக, அவளைத் திருப்பித் தருமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. அவர்கள் குழந்தையோடு ஃபுளோரிடாவுக்கு ஓடினார்கள். 1957-இல் அம்மாநில ஆளுநர் அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்த பின்பே அந்த வீடு அமைதி கண்டது. ‘குழந்தை யார் சாயல்?’ என்று நம் ஊர்களில் ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது கேட்கிறார்களே, அந்தக் கேள்வியைச் சட்டமாக எழுதி வைத்திருந்த காலம் அது.

பக்கும் ஹோல்ட் தம்பதியரும் மோதியது இந்தச் சாயல் விதியோடுதான். ஆனால் மோதிய விதம் தலைகீழாக இருந்தது. பக் சமூகப் பணியாளர்களை அச்சில் கடுமையாகச் சாடினார். ஆனால் பென்சில்வேனியாவில் 1949-இல் தாம் தொடங்கிய ‘வெல்கம் ஹவுஸ்’ இல்லத்தைப் பின்னர் உரிமம் பெற்ற தத்து நிறுவனமாக்கி, அதே தொழில்முறைப் பணியாளர்களைக் கொண்டே நடத்தினார். ஹோல்ட் அவர்களைச் சாடவில்லை, சுற்றிக்கொண்டு போனார். அமெரிக்காவிலுள்ள தம்பதியர் அவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பார்கள். அவர்கள் சார்பில் கொரியாவிலேயே தத்து முடிந்துவிடும். விமானத்திலிருந்து இறங்கும் குழந்தை வரும்போதே அவர்களுடையது. வீட்டைச் சரிவரப் பார்க்காமல் குழந்தையை ஒப்படைப்பது ஆபத்து என்று குழந்தைநல அமைப்புகள் எதிர்த்தன. 1961-இல் வந்த சட்டத் திருத்தம் அந்த வழியை அடைத்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் எதிர்த்தவர்கள் பக்கம். அவசரம் அன்பிலிருந்து பிறந்ததாகவே இருந்தாலும், ஒரு குழந்தை முன்பின் பார்த்திராத வீட்டுக்குப் போகும்போது யாராவது ஒருவர் அந்த வீட்டின் கதவைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

விசுவாசம் இவர்களிடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. பக்கின் தந்தை ஆப்சலம் சைடன்ஸ்ட்ரிக்கர் சீனாவில் ஊழியம் செய்த பிரஸ்பிட்டேரியன் மிஷனரி. புதிய ஏற்பாட்டைச் சீன மக்கள் மொழியில் பெயர்ப்பதற்கே ஆயுளையும் வீட்டுப் பணத்தையும் செலவிட்டவர். தாய் கேரோலின் ஏழு பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறு வயதிலேயே புதைத்தவர். 1936-இல் பக் இருவர் வாழ்க்கையையும் தனித்தனி நூல்களாக எழுதினார். தந்தையைப் பற்றிய நூலில் வியப்பு உண்டு. தன் பிள்ளைகளைக் கடந்து ஆத்துமாக்களைப் பார்த்த மனிதரின் மகளாக வளர்ந்த வலியும் உண்டு. 1932-இல் நியூயார்க் விடுதி ஒன்றில் திருச்சபைப் பெண்கள் முன்னிலையில் மிஷன் பணியின் போக்கை விமர்சித்து அவர் ஆற்றிய உரைக்கும், மறு ஆண்டில் எழுதிக் கொடுத்த விலகல் கடிதத்துக்கும் அந்த வீட்டில்தான் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஹாரி ஹோல்ட்டின் விசுவாசம் உடல்நோயில் உறுதிப்பட்டது. 1950-இல் வந்த மாரடைப்பிலிருந்து அவர் பிழைத்தார். மிஞ்சிய நாட்கள் தமக்குச் சொந்தமானவை அல்ல என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1954 டிசம்பரில் யூஜீன் நகரில், வேர்ல்டு விஷன் அமைப்பை நிறுவிய பாப் பியர்ஸ் காட்டிய கொரியப் படத்தைக் கணவனும் மனைவியும் பார்த்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்து, இரு நாடுகளும் ஏற்க மறுத்த குழந்தைகளின் முகங்கள் அதில் இருந்தன. நம் சபைகளில் ‘பாரம் உண்டாயிற்று’ என்பார்களே, அது அன்றைக்கு அவர்களுக்கு உண்டாயிற்று. மறு ஆண்டு கொரியாவுக்குப் போகும் வழியில், தோக்கியோ விடுதி அறையில் வேதத்தைத் திறந்த ஹாரிக்குக் கண்ணில் பட்டது ஏசாயா 43. கிழக்கிலிருந்து சந்ததியை வரவழைப்பதாகத் தேவன் வாக்களிக்கும் பகுதி அது. பெர்த்தா பின்னர் எழுதிய நூலுக்கு அந்த வசனமே தலைப்பானது.

ஒருவரைத் தத்தெடுக்கத் தூண்டியது மிஷனரி வீட்டின் காயம். மற்றவரைத் தூண்டியது மிஷனரியின் திரைப்படம். பக் தம் வழியில் தகப்பனுக்குப் பதில் சொன்னார். ஹோல்ட் தம் வழியில் தேவனுக்குப் பதில் சொன்னார்.

வயதைப் பற்றிய ஒரு நுட்பமான எதிரொலியும் இருக்கிறது. வெல்கம் ஹவுஸ் பிறந்ததே ஒரு மறுப்பிலிருந்துதான். தந்தை இந்தியர், தாய் வெள்ளை அமெரிக்கர் என்ற ஒரே காரணத்தால் எந்த நிறுவனமும் இடம் கண்டுபிடிக்க முடியாத ஆண் குழந்தை ஒன்றைப் பற்றிய செய்தி பக்குக்கு வந்தது. இந்தியர்களாகிய நாம் இந்த வரலாற்றில் எதிர்பாராமல் எட்டிப் பார்ப்பது இங்கேதான். 1930-களில் நான்கு கைக்குழந்தைகளை ஏற்றிருந்த பக், இப்போது தமக்கு வயதாகிவிட்டது என்று கருதினார். அதனால் தம் பண்ணைக்கு அருகில் இளைய தம்பதியர் ஒருவரைப் பெற்றோராக அமர்த்தி, அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வீட்டை அமைத்தார். ஹோல்ட் தம்பதியர் ஐம்பதைத் தொட்டவர்கள். கணவருக்கு இதய நோய். அவர்கள் வயதை ஒரு தடையாகவே எண்ணவில்லை. ஒரே மூச்சில் எட்டுப் பேரை எடுத்தார்கள். பக்கின் தயக்கம் பொறுப்புணர்வு. ஹோல்ட்டின் துணிவு விசுவாசம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அந்தத் தயக்கத்தை பக்கே மீறினார். 1950-களில், ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பிறந்த, கறுப்பினச் சிப்பாய்களின் மகள்களான இரு சிறுமிகளைத் தம் வீட்டுக்குப் பிள்ளைகளாக அழைத்துக்கொண்டார். வெள்ளைப் பெற்றோர் கறுப்புக் குழந்தையைத் தத்தெடுக்கலாமா என்ற கேள்வியை 1958-இல் ‘எபனி’ இதழில் வெளிப்படையாகவே விவாதித்தார்.

சட்டம் இருவருக்கும் குறுக்கே வந்தது. அதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். 1953-இன் அகதிகள் நிவாரணச் சட்டப்படி ஒரு தம்பதியர் இரண்டு வெளிநாட்டு அநாதைகளுக்கு மேல் அழைத்துவர இயலாது. ஹோல்ட் குடும்பத்துக்காகவே ஓரிகன் செனட்டர் ரிச்சர்ட் நியூபெர்கர் தனி மசோதா கொண்டுவர, 1955 கோடையில் அது நிறைவேறியது. இதைப் படிக்கும்போது நம் நாட்டு நிலை நினைவுக்கு வராமல் போகாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்று தத்துச் சட்டம் எதுவும் இருந்ததில்லை. 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் வழி திறக்கும்வரை, 1890-இன் காப்பாளர் சட்டத்தின்கீழ் ஒரு குழந்தைக்குக் காப்பாளர் ஆகலாம். பெற்றோர் ஆக முடியாது. பிள்ளை சட்டப்படி வயதுவந்தவராகும் நாளில் அந்தக் காப்பும் முடிந்துவிடும். பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எபேசியருக்கும் எழுதிய நிருபங்களில் சுவிகாரத்தை இரட்சிப்பின் உருவமாக வைத்திருக்க, அந்த நிருபங்களை ஞாயிறுதோறும் வாசித்த நம் தம்பதியருக்குச் சட்டத்தில் அந்த உறவே இல்லாதிருந்தது.

இனி, இரு குடும்பங்களும் எதிர்பாராமல் நெருங்கும் ஓரிடம். பக்குக்கு 1920-இல் பிறந்த ஒரே மகள் அறிவு வளர்ச்சி குன்றியவள். காரணமான வளர்சிதை மாற்றக் குறைபாடு மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது 1934-இல்தான். 1929-இல் அந்தச் சிறுமியை நியூ ஜெர்சியின் வைன்லண்ட் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார். அவளுடைய வாழ்நாள் பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பதும் அவர் நாவல் எழுத உட்கார்ந்த காரணங்களில் ஒன்று. புகழ் வந்தபோதும் அந்த மகளைப் பற்றிப் பொதுவெளியில் வாய் திறக்கவில்லை. 1950-இல்தான், வளராத குழந்தையைப் பற்றிய சிறு நூல் வழியாக, அந்த மௌனத்தை உடைத்தார். வெல்கம் ஹவுஸ் திறந்த மறு ஆண்டே அந்த நூல் வெளிவந்தது. யாரும் ஏற்காத பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்ததும், தாம் மறைத்து வைத்திருந்த பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் ஒரே அசைவின் இரு பகுதிகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹோல்ட் பக்கத்தில் இதற்கு ஈடாக இருப்பது இல்சான். சியோலுக்கு வடமேற்கே, 1960-களின் தொடக்கத்தில், எவரும் தத்தெடுக்க முன்வராத ஊனமுற்ற குழந்தைகளுக்காக ஹாரி அமைத்த இல்லம். ஹோல்ட் தம்பதியருக்குப் பிறந்த மகள்களுள் ஒருவரான மோலி, செவிலியராக அங்கே போய், 2019-இல் இறக்கும்வரை அந்தக் குழந்தைகளோடே வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அங்கே வளர்ந்த பலர் அங்கேயே முதியவர்களானார்கள். பக் தம் மகளை நிறுவனத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார், அந்தப் பிரிவில் உடைந்தார். ஹோல்ட் குடும்பமோ தம் மகளையே நிறுவனத்துக்குள் அனுப்பி, நிறுவனத்தை வீடாக்க முயன்றது. குறையில்லாத குழந்தைக்குத்தான் குடும்பம் என்ற அந்தக் காலத் தத்துமுறையின் எண்ணத்தை இருவரும் ஏற்கவில்லை. இதை அவர்கள் எந்த மாநாட்டிலும் கற்கவில்லை. தங்கள் வீட்டிலும் தங்கள் கையால் தூக்கிய குழந்தையிடமும் கற்றார்கள்.

பெற்றோரைத் தேர்வு செய்த முறைதான் இருவரையும் மிகத் தெளிவாகப் பிரிக்கிறது. அங்கேதான் அதிகம் நின்று பார்க்க வேண்டும். ஹோல்ட், விண்ணப்பித்த தம்பதியரிடம் இரட்சிப்பின் சாட்சியைக் கேட்டார். மறுபிறப்பு அடைந்த கிறிஸ்தவர்களாக இருந்தால்தான் குழந்தை. அவருடைய தர்க்கம் ஒளிவுமறைவற்றது: இந்தக் குழந்தைகளைச் சாவிலிருந்து மீட்கிறோம், அவர்கள் ஆத்துமாவைக் கைவிட்டால் பாதி வேலைதான் செய்தோம். பக்குக்கு இது தாம் உதறிவிட்டு வந்த பழைய நுகத்தை மறுபடி குழந்தையின் கழுத்தில் வைப்பது. மதப் பொருத்தம் எந்தப் பெயரில் வந்தாலும் அவர் அதை எதிர்த்தார்; வீட்டில் வேண்டியது அன்பு செய்யும் திறன், அதற்குச் சபைப் பெயர் கிடையாது என்றார்.

பக் விசாலமானவர், ஹோல்ட் குறுகியவர் என்று இதைப் படித்து முடித்துவிடலாம். ஆனால் உண்மை இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. தத்து நிறுவனங்கள் அக்காலத்தில் வருமானம், வயது, ஏற்கெனவே பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதையெல்லாம் காரணம் காட்டிப் பலரைத் திருப்பி அனுப்பின. ஹோல்ட்டிடம் அந்தத் தடைகள் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள், நான்கு பிள்ளைகள் உள்ளவர்கள், சொற்ப நிலம் வைத்திருந்தவர்கள், பெருநகரத்தை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் அவரிடமிருந்து பிள்ளை பெற்றார்கள். விசுவாசத்தில் இறுக்கமாக இருந்த கதவு வர்க்கத்தில் அகலமாகத் திறந்திருந்தது. பக்கின் பக்கமும் பரிசோதனை இல்லாமலில்லை. அவர் தேடியது நிறத் தப்பெண்ணம் துளியும் இல்லாத பெற்றோரை. ஹோல்ட் மறுபிறப்பைக் கேட்டார். பக் தப்பெண்ணமின்மையைக் கேட்டார். இரண்டும் நெஞ்சுக்குள் நிகழ்பவை. படிவத்தில் நிரப்ப முடியாதவை. இருவரும் பெற்றோரின் இருதயத்தை நோக்கியே கேள்வி கேட்டார்கள். மனம் திரும்பாத வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பலாகாது என்பதில், மிஷனை விட்டு வெளியேறிய பெண்ணும் மிஷன் படம் பார்த்துக் கண் கலங்கிய விவசாயியும் ஒன்றுபட்டார்கள். திரும்ப வேண்டிய திசையில்தான் வேறுபட்டார்கள்.

ஆகவே ‘ஊழியமா, பிள்ளையா’ என்ற கேள்வியில் பக்கை ஒரு பக்கமும் ஹோல்ட்டை மறுபக்கமும் நிறுத்திவிட முடியவில்லை. ஹோல்ட்டிடம் அந்த ஊழியம் வெளிப்படை: குழந்தைகள் தேவனுடைய வாக்குத்தத்தத்தின் நிறைவேற்றம், வளர்ந்து சாட்சிகளாக வேண்டியவர்கள். பக்கிடம் அது வேறு உடையில் வந்தது. கிழக்கும் மேற்கும் ஒரே உடலில் சந்தித்த இந்தக் குழந்தைகள் வருங்கால உலகத்தின் முன்னறிவிப்பு. அவர்களை அமெரிக்கா ஏற்பது அதன் ஜனநாயகத்துக்கே சோதனை. ஆசியா அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்று பனிப்போர் நாட்களில் திரும்பத் திரும்ப எழுதினார். மிஷனரியின் மகள் மிஷனை முழுக்க விட்டுவிடவில்லை. நற்செய்தியின் உள்ளடக்கத்தைத்தான் மாற்றினார். மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஏசாயாவின் நிறைவேற்றமாகவும் இருக்க வேண்டாம், இரு கண்டங்களின் பாலமாகவும் இருக்க வேண்டாம். இரண்டுமே பிஞ்சுத் தோளுக்குக் கூடுதல் சுமை.

அந்தச் சுமையை இறக்கி வைத்தது வீட்டு வாழ்க்கை. 1955-இல் பல மாதங்கள் கொரியாவில் தங்கிய ஹாரி மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பெர்த்தாவின் நூலில் இருக்கின்றன. அவற்றில் வேத வசனங்களும் உண்டு. வயிற்றுப்போக்கும் சிரங்கும் பால் புட்டியும் உறக்கமில்லா இரவுகளும் உண்டு. பின்னாளில் தனி விமானங்களில் குழந்தைகளை அழைத்துவந்தபோதும் அவர்களுக்குப் பால் கொடுக்கவும் துணி மாற்றவும் அவர் கை ஓயவில்லை. ஓரிகனில் பெர்த்தா காகித வேலை, அரசியல்வாதிகளுக்குக் கடிதம், வந்து சேரும் எட்டுப் பேருக்குப் படுக்கை ஏற்பாடு என்று இருந்தார். அவர் பயிற்சி பெற்ற செவிலியர் என்பது அந்த வீட்டுக்கு வாய்த்த பெரும் நன்மை. பக்கின் பண்ணை வீட்டில் வசதியும் பணியாட்களும் அதிகம். காலை நேரம் எழுத்துக்கு, பிறகு பிள்ளைகளுக்கு என்ற ஒழுங்கு இருந்தது. ஆனால் அங்கும் பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது, பள்ளியில் யாரோ நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள், அம்மாவிடம் கேள்விகள் வந்தன. வேத வாக்குத்தத்தமோ உலக ஒற்றுமையோ இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சலோடு விழித்திருக்கும் குழந்தைக்குப் பயன்படாது. அப்போது தேவைப்படுவது ஈரத்துணியும் ஒரு மடியும்தான். அந்த மடியை இரு வீடுகளும் கொடுத்தன. கொள்கை எழுத்துகளை மட்டும் படித்துவிட்டு இவர்களை எடை போடுகிறவர்களிடம் நான் உடன்படாதது இதனால்தான்.

இருந்தும், இரு வீடுகளிலும் ஒரே நாற்காலி காலியாக இருந்தது. அது பெற்ற தாயின் நாற்காலி.

கிறிஸ்தவத் தத்துப் பேச்சில் பவுலின் சுவிகாரம் அதிகம் ஒலிக்கும்: தேவன் நம்மைப் பிள்ளைகளாக ஏற்றார், ஆகவே நாமும் ஏற்போம். ஹோல்ட் மரபில் இன்றும் அதுவே அடித்தளம். ஆனால் பவுல் பார்த்த ரோமச் சுவிகாரம் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களை வாரிசாக்கும் முறை. அதில் பிள்ளையின் முந்தைய தாய்க்கு இடம் தேவைப்படவில்லை. யாத்திராகமம் வேறொரு குடும்பத்தைக் காட்டுகிறது. நாணற்பெட்டிக்குள் அழுத குழந்தையை எடுத்த பார்வோனின் மகள், அது எபிரெயப் பிள்ளை என்று அறிந்தே எடுத்தாள். குழந்தையின் அக்காள் அருகில் நின்றாள். பெற்ற தாயே கூலி பெற்று அவனுக்குப் பாலூட்டி வளர்த்தாள். பெயர் வைத்தவள் அரசகுமாரி. முட்செடியின் நடுவிலிருந்து தேவன் அழைத்ததும் அந்தப் பெயரால்தான். ஒரே பிள்ளைக்கு இரு தாய்மார், இருவரும் கதைக்குள்ளேயே இருக்கிறார்கள். வேதத்தை இரவும் பகலும் வாசித்த ஹோல்ட் தம்பதியரும், வேதக் கதைகளிலேயே வளர்ந்த பக்கும், இந்தப் பக்கத்தைத் தங்கள் வேலைக்கு வரைபடமாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தைகள் அநாதைகள் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. அவர்களில் பலருக்கு அம்மா உயிரோடு இருந்தாள். பெரும்பாலும் ஏழையாக, தனியாக, ஊரார் தூற்றலுக்கு அஞ்சியவளாக.

முழுக்க மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1964 இந்த ஒப்பீட்டில் விசித்திரமான ஆண்டு. அந்த ஏப்ரலில் ஹாரி ஹோல்ட் கொரியாவிலேயே மாரடைப்பால் இறந்தார், இல்சானிலேயே புதைக்கப்பட்டார். அதே ஆண்டில் பக், தத்தைப் பற்றிய தமது நூலை வெளியிட்டதோடு, அமெரிக்காவுக்கு அழைத்துவர முடியாத கலப்பினக் குழந்தைகளை அவரவர் நாட்டிலேயே, முடிந்தால் அவரவர் தாயோடேயே வளர்க்க உதவும் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1967-இல் சியோலுக்கு மேற்கே சோசாவில் அதற்கொரு மையம் திறந்தது. இல்சானும் சோசாவும் ஒரே மாகாணத்தில், ஹான் ஆற்றின் இரு கரைகளில் இருக்கின்றன. பிள்ளைகளைக் கிழக்கிலிருந்து கொண்டுவந்த இரு குடும்பங்களும் கடைசியில் கிழக்குக்கே திரும்பிப் போயின. ஆனால் போன காரணம் ஒன்றல்ல. ஹோல்ட் போனது யாரும் எடுக்காத பிள்ளைக்காக. பக் போனது பிள்ளையை விட்டுப் பிரிய வேண்டியிராத தாய்க்காகவும்கூட. இந்த ஓர் இடத்தில் பக் ஒரு படி முன்னே சென்றார் என்பதே என் தீர்ப்பு.

அதன் பின் நடந்தவை இருவர் கையிலும் இல்லை. போர்க்காலக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பாதை, போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கழித்தும் அகன்றுகொண்டே போனது. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொரியக் குழந்தைகள் வெளிநாடு போனார்கள். அப்போது அவர்கள் தந்தையரை அறியாத சிப்பாய்ப் பிள்ளைகள் அல்லர். பெரும்பாலும் மணமாகாத கொரியப் பெண்களின் பிள்ளைகள். பலருக்குத் தாய் இருக்கும்போதே அநாதை என்று தனிப் பதிவேடு எழுதப்பட்டது. 2025 மார்ச்சில் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பொய்யான ஆவணங்களோடு பிள்ளைகளை அனுப்பியதில் அரசு தன் கடமையிலிருந்து தவறியது என்றும், அப்பிள்ளைகளின் உரிமைகள் மீறப்பட்டன என்றும் அறிவித்தது. பக்கின் பெயரைத் தாங்கிய நிறுவனம் 2014-இலேயே தன் தத்துப் பணியை நிறுத்திக்கொண்டது. ஹோல்ட்டின் பெயரைத் தாங்கிய நிறுவனம் தொடர்கிறது. குடும்பங்கள் பிரியாமல் காக்கும் பணியையும் சேர்த்துக்கொண்டு.

வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளில் பலர் விசுவாசிகள், பலர் அல்லர். வளர்ப்புப் பெற்றோரை மனமார நேசிக்கிறவர்களும் சியோலுக்குப் போய்த் தங்கள் கோப்பைக் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் தத்துப் பொறுப்பு தனியார் நிறுவனங்களிடமிருந்து கொரிய அரசின் கைக்கு மாறியது. பல பத்தாண்டுகளாக நிறுவனங்களின் அலமாரிகளில் இருந்த கோப்புகளும் அரசு அமைப்பொன்றின் பொறுப்புக்கு வருகின்றன. ஓரிகனிலோ பென்சில்வேனியாவிலோ தங்கள் மகனோ மகளோ அந்தக் கோப்பைக் கேட்டு விண்ணப்பம் எழுதும்போது, பக்கத்தில் உட்கார்ந்து உதவும் வயதான வளர்ப்புத் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எழுதத் தொடங்கும் முன் ஜெபிக்கிறார்கள்.